மாமேதையின் ஐஸ் பெட்டி

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை 'சார்' என்பார்கள். நான் மனத்துக்குள் மாமேதை என்று வைத்திருந்தேன். 'நான்' என்று சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் 'இந்தத் துறை' என்று சொல்கிற மனிதரை வேறு எப்படி அழைப்பது? "இந்தத் துறைக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல" என்று அவர் சொன்னால், அவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சுற்றி நிற்பவர்கள் துறையை நலம் விசாரிப்பார்கள்.

மாமேதை மேடைக்கு மேடை பேசியது டியூபுலினைப் பற்றி. "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு எலும்புக்கூடு இருக்கு! இரும்புத் தூண் மாதிரி!" என்று கையை உயர்த்துவார். கூட்டம் வாயைப் பிளக்கும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். டியூபுலின் எலும்பும் அல்ல, தூணும் அல்ல. ஆல்பா, பீட்டா என்ற இரண்டு புரதங்கள், ஒட்டிப் பிறந்தவை மாதிரி எப்போதும் ஜோடியாகவே திரியும். ஜோடிகள் ஒன்றன் தலையில் ஒன்றாக ஏறி நின்றால் ஒரு சரம். பதின்மூன்று சரங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வளைந்துகொண்டால் ஒரு குழல். செல்லின் நடுவிலிருந்து ஓரம் வரை இந்தக் குழல்கள் ஓடுகின்றன. உள்ளே சரக்குப் போக்குவரத்து நடப்பது அவற்றின் மேல்தான். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று இழுத்துக் கொடுப்பதும் அவைதான். ஒரு முனையில் வளர்ந்துகொண்டே இருக்கும் குழல் திடீரென்று பொலபொலவென உதிரும். உதிர்ந்த ஜோடிகளை வைத்தே வேறு பக்கம் வேறு குழல் எழும்பும். நிலையாக நிற்காமல் இருப்பதுதான் அதன் வேலையே. இரும்புத் தூணாம். இந்த மனிதர் ஒரு தடவையாவது மைக்ராஸ்கோப்பில் கண் வைத்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வராது.

நானும் இதே படிப்புப் படித்து இதே பட்டம் வாங்கியவள்தான். அவர் மேடைக்குப் போனார், நான் மைக்ராஸ்கோப் பிரிவுக்குப் பொறுப்பாளராக வந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. செல்கள் யாருக்கும் ஜால்ரா போடுவதில்லை. என்ன நடந்ததோ அதைத்தான் காட்டும்.

மாமேதையின் பெரிய சாதனை ஒன்பதாம் நம்பர். ஏதோ ஒரு வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருள். புற்றுநோய் செல்களில் அதைப் போட்டால் குழல்கள் எல்லாம் உடைந்துவிடுகின்றன, குழல் இல்லாவிட்டால் செல் பிரியாது, பிரியாவிட்டால் கட்டி வளராது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பத்திரிகைகளில் போட்டார்கள். விருது ஒன்று கொடுத்தார்கள். மாலை போட்டுப் படம் பிடித்து வாசலில் மாட்டினார்கள்.

இதில் என் வீட்டுக்கு என்ன சம்பந்தம் என்றால், அந்தக் கண்டுபிடிப்பின் கை வேலை முழுவதும் என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை. மாமேதையிடம் ஆராய்ச்சி மாணவி. கல்யாண வயதைத் தாண்டிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் முணுமுணுக்கும் வயதிலும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றபடியே நடந்துகொள்வாள். மாமேதை சிரித்தால் சிரிப்பாள், அவர் முகம் சுருங்கினால் இவளுக்குச் சாப்பாடு இறங்காது. "சார் இன்னைக்கு என்னைப் பார்த்துத் தலையாட்டினாரு அண்ணி" என்று ஒருநாள் வந்து சொன்னாள். அன்று முழுக்க அந்தத் தலையாட்டலிலேயே மிதந்துகொண்டிருந்தாள்.

அவள் மக்காக இருந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கெட்டிக்காரி. செல் வளர்ப்பதில் அவளுக்கு இருந்த கை நேர்த்தி எனக்குக்கூட வராது. அந்த மூளையைக் கொண்டுபோய் அந்த ஆளின் காலடியில் வைத்திருந்தாள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

எங்கள் நிலையத்துக்கு இரண்டு கட்டடங்கள், நடுவே ஒரு சாலை. பழைய கட்டடத்தில் செல்களை வளர்த்து மருந்து போடுவார்கள். அங்கே விஷப்புகையை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டு பழுதாகிக் கிடந்ததால், செல்களை ரசாயனம் ஊற்றி இருந்த நிலையிலேயே நிறுத்திச் சாயம் ஏற்றும் வேலை மட்டும் சாலையைத் தாண்டி எங்கள் பக்கம் நடக்கும். அதனால் பாப்பா சின்னச் சின்ன பிளேட்டுகளில் செல்களை வைத்துக்கொண்டு லாரிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே சாலையைக் கடந்து வருவாள். கையில் ஐஸ் பெட்டி. மருந்து சூடுபட்டால் கெட்டுவிடும் என்பது மாமேதையின் சட்டம். மருந்து தொட்ட எதுவும் ஐஸ் இல்லாமல் அவர் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று கதவில் எழுதியே ஒட்டியிருந்தார். எழுத்துக்குக் கீழே கையெழுத்து வேறு.

அவள் சாயம் ஏற்றித் தருவாள், மறுநாள் நான் படம் எடுப்பேன். மருந்து போடாத செல்களில் பச்சை நூல்கள் நடுவிலிருந்து நாலாபக்கமும் விரிந்திருக்கும். மருந்து போட்டதில் ஒரு நூலும் இருக்காது, வெறும் பச்சைக் கலங்கல். அதைப் பார்த்து நானும் மனத்துக்குள், சரி, இந்த ஆள் வாய்ச்சவடால் அடித்தாலும் மருந்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் ஒத்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா தன் ஆய்வை எழுதிக் கொடுத்துவிட்டாள். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. கடைசியாக இரண்டு படம் அழகாக வேண்டும் என்று மாமேதை கேட்டார். அதற்காக ஒருநாள் பிளேட்டுகளோடு புறப்பட்டவளை அவரே வாசலில் மடக்கினார். ஆராய்ச்சிக்குப் பண உதவி செய்யும் அமைப்பிலிருந்து கோட்டுப் போட்ட விருந்தினர்கள் வந்திருந்தார்கள். மாமேதை ஐஸ் பெட்டியைத் திறந்து ஒரு பிளேட்டை எடுத்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். எலும்புக்கூடு, இரும்புத் தூண், மனித குலம் என்று முழுச் சொற்பொழிவும் ஆற்றினார். கோட்டுகள் தலையாட்டின. பாப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்தியோடு பக்கத்தில் நின்றாள். நான் எங்கள் கட்டடத்திலிருந்து இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்து, இது காதில் விழுந்தால் செல்கள் செத்துவிடுமே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இருட்டறையில் அந்த பிளேட்டைப் பார்த்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

கலங்கல் இல்லை. ஒவ்வொரு செல்லின் நடுவிலும் குட்டை குட்டையான பச்சைக் கதிர்கள், ஒரு நட்சத்திரம் மாதிரி. உடைந்துபோன குழல்கள் மறுபடி முளைக்கத் தொடங்கும்போது இப்படித்தான் இருக்கும். இதை நான் மாணவியாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். செல்களை ஐஸில் வைத்தால் டியூபுலின் ஜோடிகள் பிடிப்பை விட்டு உதிர்ந்துவிடும். வெளியே எடுத்துக் கொஞ்சம் சூடு காட்டினால் நடுவிலிருந்து நட்சத்திரமாகக் கிளம்பும், விட்டால் முழுசாக வளர்ந்துவிடும். மருந்தும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம். மாமேதையின் உள்ளங்கைச் சூடே போதுமானதாக இருந்திருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கையால் ஒரு நல்ல பரிசோதனை நடந்திருக்கிறது, அதுவும் அவருக்குத் தெரியாமல்.

பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அந்த பிளேட்டைக் கணக்குல சேர்க்க வேணாம் அண்ணி. ரொம்ப நேரம் வெளிய இருந்துச்சு. மருந்து கெட்டிருக்கும்."

"மருந்து போடாத பிளேட்டை எப்பவும் எதுல கொண்டு வருவே?"

"கையிலதான்."

"ஐஸ்ல இல்லையா?"

"அதுல மருந்தே இல்லையே அண்ணி, எதுக்கு ஐஸ்?" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். கெட்டிக்காரி என்று சொன்னேன் அல்லவா, அவளுக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. உடனே அதை மூடிக்கொண்டதும் தெரிந்தது. "சார்கிட்ட கேட்கிறேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் கேட்கமாட்டாள் என்று தெரியும். நானே போனேன்.

மாமேதையின் அறைச் சுவர் முழுவதும் அவர் யார் யாரோடோ கைகுலுக்கும் படங்கள். மேசையில் டியூபுலின் குழலின் மாதிரி வடிவம் ஒன்று, வண்ண மணிகளைக் கோத்துச் செய்தது. விருதோடு கொடுத்தார்களாம். அவர் தொலைபேசியில் தன்னைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை நான் அதன் சரங்களை எண்ணினேன். பன்னிரண்டுதான் இருந்தது. தினம் அதற்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் ஒருநாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"சார், மருந்து போட்ட பிளேட் ஐஸ்ல வருது. போடாத பிளேட் கையில வருது. நாம பார்க்கிறது மருந்தோட வேலை இல்ல, ஐஸோட வேலை" என்றேன்.

அவர் புன்னகை செய்தார். சின்னக் குழந்தை கவிதை சொன்னால் பெரியவர்கள் செய்வார்களே, அந்தப் புன்னகை. "மேடம், நீங்க படம் ரொம்ப நல்லா எடுக்கிறீங்க. இந்தத் துறைக்கு அதுல பெருமை."

"மருந்தோட இருக்கிற பிளேட்லயே குழல் திரும்ப முளைச்சிருக்கு சார். மருந்து உடைச்சிருந்தா மருந்துக்குள்ளயே உட்கார்ந்துகிட்டு எப்படி முளைக்கும்?"

"டோஸ் கம்மியா இருந்திருக்கும்."

"ஒரே ஒருநாள் மருந்து போடாத பிளேட்டையும் ஐஸ்ல வச்சுப் பாருங்களேன்."

"எதுக்கு?" அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அதுல கெட்டுப்போறதுக்கு என்ன இருக்கு?"

நான் எழுந்து வந்துவிட்டேன். சுவரோடு பேசினாலாவது எதிரொலி வரும். அந்த முட்டாள்தனத்தில் ஒரு கள்ளமும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவன் என்றால் பயமாவது இருக்கும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்று யோசிப்பான். இவர் நிம்மதியாகத் தூங்குவார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சை எடுத்தேன். சாப்பாட்டு மேசையில் நாங்கள் நாலு பேரும் இருந்தோம். என் மாமியார் மாமேதையை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் தினமும் மகளிடம், "உங்க சார் நல்லா இருக்காராம்மா?" என்று கேட்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார்.

"மருந்து போடாததை ஐஸ்ல கொண்டு வா. மருந்து போட்டதை வெதுவெதுப்பான தண்ணியில வச்சுக் கொண்டு வா. அவ்வளவுதான். ரெண்டு பிளேட். ஒரு மத்தியானம்" என்றேன் பாப்பாவிடம்.

"சாரைக் கேட்காம எப்படி அண்ணி பண்றது?"

"கேட்டா விடுவாரா?"

"மாட்டாரு."

"ஏன் விடமாட்டாரு?"

பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அவ பட்டம் வாங்கப் போற நேரத்துல எதுக்கு இப்படிக் குறுக்கே நிக்கிறே?" என்று மாமியார் ஆரம்பித்தார். "நீ வாங்கும்போது யாராவது உன்னைத் தடுத்தாங்களா?"

"அத்தை, இவ எழுதியிருக்கிறது தப்பு. நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சா இவ பேருதான் நாறும். அவரு கையைத் தட்டிட்டுப் போயிடுவாரு."

"பேப்பர்ல எல்லாம் வந்திருக்கு. அவ்வளவு பெரிய மனுஷருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு?"

என் கணவர் தொண்டையைச் செருமினார். வீட்டில் சண்டை வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்ளும் வீரர் அவர். "ரெண்டு பேரு சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு" என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பாப்பா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நீங்க யாரையாவது நல்லாச் சொல்லி நான் கேட்டதே இல்ல அண்ணி. உங்களுக்கு எல்லாருமே முட்டாள்தான்."

"முக்கால்வாசிப் பேரு" என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்?

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. எங்களுக்குள் பேச்செல்லாம் "உப்பு எங்கே" என்ற அளவில் நின்றுபோனது. நானும் விட்டுவிட்டேன். நாலு வருஷம் உழைத்ததை ஒரு மத்தியான வேலைக்குப் பயந்து பொய்யாகவே வைத்துக்கொள்கிறேன் என்பவளிடம் பேச என்ன இருக்கிறது? போய்ப் பட்டம் வாங்கி, அதைச் சட்டம் போட்டு மாட்டி, மாமேதையைப் போலவே அதன் கீழே உட்கார்ந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். வெறுத்தே போய்விட்டது.

தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு, மாமேதை வெளியூரில் ஏதோ மேடையில் இருந்தபோது, பாப்பா சாலையைக் கடந்து வந்தாள். இரண்டு கையிலும் இரண்டு பெட்டி. எந்தப் பெட்டியில் என்ன என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவளே எல்லா வேலையும் செய்தாள். மறுநாள் இருட்டறையில் அவளே மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன்.

முதல் பிளேட்டில் மருந்தின் வாசனைகூடப் படவில்லை, ஆனால் ஐஸில் வந்தது. ஒரு குழல் இல்லை. பச்சைக் கலங்கல். இரண்டாவதில் ஒன்பதாம் நம்பர் நிறையவே போட்டிருந்தாள், ஆனால் வெதுவெதுப்பில் வந்தது. செல்லுக்குச் செல் குழல்கள் நடுவிலிருந்து ஓரம் வரை அழகாக ஓடின. ஒரு செல் அப்போதுதான் பிரிந்துகொண்டிருந்தது. குழல்கள் குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுத்து நிறுத்தியிருந்தன, ஒரு குறையும் இல்லாமல். அவள் அந்தச் செல்லை விட்டு நகரவே இல்லை.

"மருந்து ஒண்ணுமே செய்யலையா அண்ணி?"

"செய்யுதே. உங்க சாருக்கு விருது வாங்கிக் கொடுத்துச்சே."

அவள் சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு படங்களை எடுத்தாள். ஒவ்வொரு பிளேட்டிலும் வேண்டிய அளவுக்கு மேலேயே எடுத்தாள். போகும்போது, "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொள்ளப் போகிறாள். தெரியாமல் தப்புச் செய்ததைவிட இது கேவலம் என்று தோன்றியது.

தேர்வு நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. மாமேதை முதல் வரிசை நடுவில். மாமியார் புதுப்புடவையில் கடைசி வரிசையில், பக்கத்தில் என் கணவர். மேசையில் இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் முன் பாப்பாவின் ஆய்வேடு கட்டுக் குலையாமல் புத்தம் புதிதாக இருந்தது, அச்சகத்திலிருந்து வந்த காகித உறையைக்கூட அவர் முழுசாகக் கிழிக்கவில்லை. மற்றவர் அதைப் பிரித்திருந்தார், ஏனென்றால் அதன் மேல் தேநீர்க் கோப்பையை வைக்க இடம் சமமாக வேண்டியிருந்தது.

பாப்பா பேசினாள். டியூபுலின், சரங்கள், குழல், ஒன்பதாம் நம்பர். பழைய படங்களையே வரிசையாகக் காட்டினாள். குரல் ஒரே சீராக இருந்தது. முடித்துவிட்டு நின்றாள்.

"இதுக்கு ஏன் ஒன்பதாம் நம்பர்னு பேரு?" என்று உறைக்காரர் கேட்டார்.

"ஒன்பதாவதாப் பிரிச்செடுத்தது சார்."

"பலே. அருமையான தலைப்பு" என்றார் அவர். என்ன அருமையைக் கண்டார் என்று அவருக்கே வெளிச்சம்.

கோப்பைக்காரர் படங்களின் நிறத்தைப் பாராட்டினார். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதாம். ஐஸ் பற்றி யாரும் கேட்கவில்லை. மருந்து போடாத பிளேட் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. முடிந்தது, இனி கைதட்டிவிட்டுத் தேநீருக்குப் போகலாம் என்று நாற்காலிகள் நகரத் தொடங்கின. நான் பாப்பாவைப் பார்க்கப் பிடிக்காமல் வாசலைப் பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு படம் இருக்கு" என்று பாப்பா சொன்னாள்.

திரையில் ஐஸில் வந்த வெறும் பிளேட் வந்தது. பிறகு வெதுவெதுப்பில் வந்த மருந்து பிளேட். "மருந்து போட்டதை மட்டும் ஐஸ்ல கொண்டு போனோம். குளிர்ல டியூபுலின் உதிர்ந்துடும். நாங்க பார்த்தது அதைத்தான். ஒன்பதாம் நம்பர் குழலை உடைக்கல. நான் எழுதியிருக்கிறது தப்பு." இதைச் சொல்லும்போது அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்த விதம் எனக்குத் தெரிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தப் பெண்ணைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு என்று இருந்தது.

எல்லோரும் மாமேதையைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் தலையாட்டவேண்டும் என்று தெரியவேண்டுமே.

மாமேதை நிதானமாக எழுந்தார். "இந்தத் துறை ரொம்ப நாளாவே இதைச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்துச்சு" என்றார். "இந்தத் துறையோட மாணவி அதை நிரூபிச்சிட்டா. இதுதான் இந்தத் துறை சொல்லிக்கொடுத்த நேர்மை." சொல்லிவிட்டுத் தானே கைதட்டினார். அடுத்த நொடி மண்டபமே அதிர்ந்தது. கடைசி வரிசையில் மாமியார் எழுந்து நின்று தட்டினார்.

"ரொம்ப சந்தோஷம்" என்றார் கோப்பைக்காரர். "பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம். சின்னத் திருத்தம்தான். 'உடைக்கிறது'ன்னு வர்ற இடத்துல எல்லாம் 'உடைக்கவில்லை'ன்னு மாத்திக் கொடுத்துடுங்க."

பாப்பா அசையவில்லை. "சார், முதல்ல நான் சொன்னதுக்கும் தலையாட்டினீங்க. இப்போ அதுக்கு நேர் எதிரா சொல்லியிருக்கேன். எது சரின்னு நினைச்சுக் கையெழுத்துப் போடுறீங்க?"

அவர் பேனாவின் மூடியைத் திறந்தபடியே அன்பாகச் சிரித்தார். "அதை நீங்கதானேம்மா சொல்லணும்? ஆராய்ச்சி உங்களோடது." கையெழுத்துப் போட்டார். உறைக்காரரும் போட்டார். மாமேதையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நான் என் அறைக்கு வந்தேன். பின்னாலேயே பாப்பா வந்து கதவைச் சாத்தினாள். யாரோ கொடுத்த பூங்கொத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டாள்.

"அவங்க படிக்கவே இல்ல அண்ணி."

"ம்."

"நேத்து முழுக்க எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. எல்லாம் போயிடும், நாலு வருஷமும் போயிடும், அம்மா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு… ஒண்ணுமே போகல. உண்மையைச் சொன்னாலும் பட்டம், பொய்யைச் சொன்னாலும் பட்டம். அப்போ நான் எதுக்கு அண்ணி சொன்னேன்?"

எனக்குத் திட்டுவதற்கு வார்த்தை தேடவேண்டிய அவசியம் எப்போதும் வந்ததில்லை. ஆறுதல் சொல்வதற்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. வெளியே யாரோ "டாக்டர் மேடம், தேநீர் ஆறுது!" என்று கூப்பிட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த மேசையில நீங்க இருந்திருந்தா எனக்குக் கொடுத்திருப்பீங்களா?"

அவள் கேட்டதும், கொடுத்திருப்பேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"மாட்டேன். முதல் படத்துலயே நிறுத்தி, மருந்து போடாத பிளேட் எப்படி வந்துச்சுன்னு கேட்டிருப்பேன். ஐஸ்னு தெரிஞ்சதும் ஃபெயில் பண்ணியிருப்பேன். போய் மறுபடி வேலை பார்த்துட்டு வான்னு அனுப்பியிருப்பேன்."

பாப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. என் தோள் நனைந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் இருந்த ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ நீங்க கேளுங்க. முதல்லேர்ந்து."

கதவைத் தட்டினார்கள். மாமியாரின் குரல் கேட்டது. நான் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து கேட்க ஆரம்பித்தேன். இரக்கம் காட்டவில்லை. முதல் இரண்டு கேள்விக்கும் தடுமாறித் தடுமாறிப் பதில் சொன்னாள். மூன்றாவதற்கு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தாள்.

"தெரியல" என்றாள்.

அந்தக் கட்டடத்தில் அன்று முழுக்க வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.